புதுச்சேரியில் 3 இரவு, இருவர் மட்டும், ஓட்டமில்லாமல்: எங்கே தங்குவது, எதை விடுவது?

மலைக்கோட்டைவாசி கேட்டது:

பிப்ரவரியில் நானும் மனைவியும் திருச்சியிலிருந்து பாண்டி போகலாம் என்று இருக்கிறோம். 3 இரவு. பத்தாவது திருமண நாள். பிள்ளைகள் தாத்தா வீட்டில் இருப்பார்கள்.

இணையத்தில் கிடைக்கும் திட்டமெல்லாம் ஒரே நாளில் ஆரோவில், பாரடைஸ் பீச், நாலு சர்ச், அரவிந்தர் ஆசிரமம், ஷாப்பிங் என்று போகிறது. அது வேண்டாம். காலையில் மெதுவாக எழுந்து, நடந்து, உட்கார்ந்து, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, பேசிக்கொண்டிருந்தால் போதும். மனைவிக்கு முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. தட்டையான தரையில் நடப்பார், படிதான் கஷ்டம்.

கேள்விகள்: எந்த நாட்களில் போவது? வொயிட் டவுனுக்குள் (பழைய பிரெஞ்சுப் பகுதி) தங்கத்தான் வேண்டுமா? கார் தேவையா? ஒவ்வொரு நாளையும் எப்படிப் பிரிப்பது?

---

வாய்க்கால்கரை பதில்:

முதலில் கிழமை. எல்லோரும் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறார்கள். நீங்கள் ஞாயிறு மதியம் உள்ளே வந்து புதன் காலை கிளம்புங்கள். அதே அறை வெள்ளி, சனியை விடக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். திங்கள் காலை ரோமன் ரோலண்ட் வீதியில் நடந்தால் மஞ்சள் சுவருக்கு முன்னால் போட்டோ எடுக்க நிற்கும் கூட்டம் இருக்காது. இந்த ஒரு மாற்றம் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். நடைபாதை முழுக்கக் கடைதான். காரில் வந்தால் அந்த வீதிப் பக்கமே திரும்பாதீர்கள்.

அடுத்து தேதி. பிப்ரவரியில் வானிலை அருமை, மழையும் இல்லை, புழுக்கமும் தொடங்கியிருக்காது. ஆனால் சில தேதிகளைத் தவிர்க்க வேண்டும். 14-ஐ ஒட்டி ‘ஸ்பெஷல் டின்னர்’ என்று மெனுவைச் சுருக்கி விலையை ஏற்றிவிடுவார்கள். 21 ஸ்ரீ அன்னையின் பிறந்தநாள், ஆசிரமத்தில் தரிசன நாள். வெளியூர் அன்பர்கள் நிறைய வருவார்கள், ஆசிரம விருந்தினர் இல்லங்களில் இடமே இருக்காது. 28 ஆரோவில் தொடங்கிய நாள் (1968), அந்தப் பக்கமும் கூட்டம். ஆக, மாதத்தின் முதல் பத்து நாட்கள், இல்லாவிட்டால் 22-க்கும் 27-க்கும் நடுவில் வரும் வார நாட்கள்.

மாசி மகம் எந்தத் தேதியில் விழுகிறது என்றும் காலண்டரில் பாருங்கள். சுற்றுவட்டாரக் கோயில்களின் சுவாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். பார்க்க வேண்டிய திருவிழாதான். ஆனால் அமைதி தேடி வருகிறவர்கள் அந்த நாளில் வந்தால் போக்குவரத்தில் மாட்டுவார்கள்.

கார்: திருச்சியிலிருந்து வேண்டாம் என்பேன். கார்டு லைன் (அரியலூர், விருத்தாசலம் வழி) ரயிலில் விழுப்புரம் இறங்குங்கள். அங்கிருந்து பாண்டி சுமார் 40 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு, ஒரு மணி நேரம் பிடிக்கும். வொயிட் டவுன் பழைய வீடுகள் பலவற்றில் பார்க்கிங் கிடையாது. வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

தங்குமிடம் என் ஓட்டு: பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரேன் வீதி வட்டாரம். எங்கே அறை எடுத்தாலும் கடல் பத்து நிமிட நடைக்குள். முழங்கால் வலி இருப்பவருக்கு இது முக்கியம். நடுவில் களைப்பாக இருந்தால் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு மறுபடி வரலாம். ஈசிஆரில் ரிசார்ட் எடுத்தால் அது முடியாது. ஒவ்வொரு காபிக்கும் ஆட்டோ பேச வேண்டியிருக்கும்.

---

வைசியாள்வீதி பதில்:

மேலே சொன்ன கிழமைக் கணக்கு சரி. தங்குமிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி சுற்றுவட்டாரத்தையும் பாருங்கள். திண்ணை, தாழ்வாரம், மரத்தூண், நடுவில் முற்றம் என்று பழைய வீடுகளைச் சீர்செய்து விடுதியாக நடத்துகிறார்கள். கீழே தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சு பாணி ஜன்னல் என்று கலந்து கட்டிய வீடுகளை இந்தத் தெருக்களில்தான் பார்க்க முடியும். அதே பணத்துக்கு இங்கே அறை பெரியதாகக் கிடைக்கும். கடலுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம், தெருவெல்லாம் தட்டைதான். காலையில் கோலம், கோயில் மணி, பூக்காரர் என்று ஊர் ஊராக இருக்கும். வொயிட் டவுன் பல இடங்களில் இப்போது கஃபேயும் போர்டுமாக ஆகிவிட்டது.

எந்தப் பக்கம் எடுத்தாலும் பழைய வீடு பழைய வீடுதான். புக் பண்ணுவதற்கு முன் போனில் இதையெல்லாம் கேளுங்கள்:

தரைத்தளத்தில் அறை உண்டா? பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது. மரப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், படி உயரமும் ஒரே அளவாக இருக்காது. உங்கள் மனைவிக்கு முதலில் சிக்கலாவது இதுதான். ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்தான், சின்னப் படிதான்’ என்றால் நம்பாதீர்கள், படியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஜன்னல் எதைப் பார்க்கிறது? முற்றத்தைப் பார்த்த அறை குளுமையாக இருக்கும். ஆனால் முற்றத்தில்தான் காலைச் சாப்பாடு போடுவார்கள். ஏழரைக்கே கரண்டிச் சத்தமும் பேச்சும் உள்ளே வரும், நீங்கள் பேசுவதும் வெளியே கேட்கும். தெருவைப் பார்த்த அறையில் பைக் சத்தம். முற்றத்தைப் பார்த்த மூலை அறை கிடைத்தால் அதுவே நல்லது.

மாடியில் உணவகமோ பாரோ இருக்கிறதா? இருந்தால் அதற்கு நேர் கீழே உள்ள அறையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாற்காலி இழுக்கும் சத்தம் இரவு 11 வரை தலைக்கு மேல் ஓடும்.

கொசுவலையோ கொசு மருந்தோ உண்டா? வாய்க்காலை ஒட்டிய செஞ்சி சாலை, ஆம்பூர் சாலைப் பக்கம் மாலை 6 மணிக்கு மேல் கொசு உண்டு.

ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ் பற்றியும் யாராவது சொல்வார்கள். கடலைப் பார்த்த அறை, தோட்டம், வாடகையும் நியாயம். உண்மை. ஆனால் மது, புகை கூடாது, இரவு 10.30-க்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். விதியோடு ஒத்துப்போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மணநாள் இரவில் சாப்பாடு முடியும் முன்பே கடிகாரம் பார்க்க வேண்டியிருந்தால் அது சரிவராது.

---

மெதுநடை பதில்:

நாளைப் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாண்டியின் நேரமே ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறது, அதன்படி போனால் போதும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். பிப்ரவரியில் சூரிய உதயம் சுமார் ஆறரை மணி. அந்த ஒரு மணி நேரம் ஒன்றரைக் கிலோமீட்டர் சாலை முழுதும் நடப்பவர்களுக்கு. காந்தி சிலைக்குத் தெற்கே டூப்ளே சிலைப் பக்கம் போகப் போகக் கூட்டம் குறையும். 7.30-க்குத் தடுப்பை எடுத்ததும் ஸ்கூட்டர்கள் வந்துவிடும். அதற்குள் எழுந்து தெருக்களுக்குள் போய்விடுங்கள்.

7.30 முதல் 9 வரை தெரு நடை. துய்மா வீதியில் தூதர்களின் அன்னை ஆலயம் இருக்கிறது, 1855-இல் கட்டியது. அங்கிருந்து வடக்கே ரோமன் ரோலண்ட் வீதி வழியாகப் பாரதி பூங்காவுக்கு வந்துவிடலாம். ஊர் இவ்வளவு நேர்கோடாக இருப்பதற்கு வேர், 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட கட்டத் திட்டம். அதனால் வழி தவறவே முடியாது. கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாய்க்கால். மேப்பை மூடி வையுங்கள்.

9-க்கு மேல் காலைச் சாப்பாடு. பிறகு மதியத்துக்குள் ஒரே ஒரு இடம். இரண்டு இல்லை. திங்கள் அருங்காட்சியகம் விடுமுறை, அதனால் அன்று ஆசிரமம். காலை 8 முதல் 12, மதியம் 2 முதல் 6. அரவிந்தர், அன்னை சமாதியைச் சுற்றிப் பேசக்கூடாது, செல்போன் அணைந்திருக்க வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். மணக்குள விநாயகர் கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

செவ்வாய் அருங்காட்சியகம், செயின்ட் லூயி வீதி. அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் பானை ஓடுகளும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கட்டில் நாற்காலிகளும் ஒரே கட்டடத்தில். ஒரு மணி நேரம் போதும். இலக்கியத்தில் நாட்டம் இருந்தால் இதற்குப் பதிலாகப் பாரதியார் நினைவில்லம். 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார்.

1 மணி முதல் 4 மணி வரை எதையும் வைக்காதீர்கள். இந்த இடத்தில்தான் எல்லோருடைய திட்டமும் உடைகிறது. மதியம் பல கடைகளைச் சாத்திவிடுவார்கள், மூன்றரை நாலுக்குத்தான் திறப்பார்கள். கடற்கரைச் சாலையில் கிழக்கு வெயில் போய்விட்டாலும் கல்லும் தாரும் சுட்டுக்கொண்டே இருக்கும், நிழல் கிடையாது. அந்த மூன்று மணி நேரம் தூக்கத்துக்கு. தூக்கம் வராவிட்டால் பாரதி பூங்கா. வார நாள் மதியத்தில் ஆயி மண்டபத்தைச் சுற்றியுள்ள மர நிழலில் பெஞ்ச் காலியாகக் கிடைக்கும்.

மாலை 6 மணிக்கு மறுபடி கடற்கரை. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது கிழக்குக் கரை. கடலில் சூரிய அஸ்தமனம் கிடையாது. ‘சன்செட் வியூ’ என்று விளம்பரம் பார்த்து மொட்டைமாடி மேசைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இங்கே பார்க்க வேண்டியது நிலா. பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா எழும், வானத்தில் வெளிச்சம் இருப்பதால் வெளிறித் தெரியும். மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக, இருட்டிய பிறகு எழும். செம்பு நிறத்தில் கடலிலிருந்து கிளம்பி வருவது அன்றைக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் தேதியை அதோடு பொருத்த முடிந்தால் பொருத்துங்கள்.

---

மலைக்கோட்டைவாசி:

மிக்க நன்றி. ஞாயிறு முதல் புதன் என்று முடிவு செய்துவிட்டோம். தரைத்தள அறை, தமிழர் பகுதி. இன்னும் இரண்டு சந்தேகம். மணநாள் அன்று இரவு பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட ஆசை, இருவருக்கும் பழக்கமில்லை. மனைவி மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். என்ன கேட்பது? ஆரோவிலை முழுதாக விட்டுவிடலாமா?

---

தாளிப்புவடகம் பதில்:

சாப்பாட்டுக்கு வருகிறேன்.

மேசையை முதல் நாளே சொல்லி வையுங்கள், 7.30-க்கு. வார நாளில் இடம் கிடைக்கும், ஆனால் முற்றத்து மேசைகள் நாலைந்துதான் இருக்கும். எட்டரைக்கு மேல் போனால் உள்ளே ஏசி அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். பிரெஞ்சு பாணியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் 20 நிமிடம் ஆகலாம். நம் ஊர் ஓட்டல் மாதிரி எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னால் ஒரேயடியாகக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், பாதி ஆறிப்போகும். முதலில் சூப்போ சாலடோ மட்டும் சொல்லுங்கள். அது வந்த பிறகு அடுத்தது. இருவருக்கும் ஒரு தொடக்கம், ஆளுக்கொரு முக்கியத் தட்டு, ஒரு இனிப்பு. இதற்கு மேல் தாங்காது.

மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் மெனுவில் ‘ஸ்டேக்’, ‘பூர்கிஞ்யோன்’ என்று இருப்பதை விடுங்கள். சூப்பும் சாஸும் மாட்டெலும்புச் சாற்றில் செய்ததா என்று தனியாகக் கேளுங்கள். இதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. மீன் கேட்பது நல்லது. வெண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்து வதக்கிய மீன் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். உப்பும் காரமும் குறைவாகத்தான் இருக்கும். சமையல்காரர் தப்பு செய்துவிட்டார் என்று நினைத்து மிளகாய்த்தூள் கேட்காதீர்கள்.

என்னைக் கேட்டால், மணநாளுக்குப் பிரெஞ்சை விடப் பாண்டி கிரியோல் சமையல் பொருத்தம். தேங்காய்ப்பால், வினிகர், வடகம் என்று பிரெஞ்சு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் இருந்தது சேர்ந்து உண்டானது. இந்த ஊர் வடகத்தைத்தான் வெளிநாட்டுச் சமையல்காரர்கள் ‘வடுவான்’ என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து, மஞ்சள், கறிவேப்பிலை இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் நாள் கணக்கில் காயவைப்பது. நேரு வீதியையொட்டிய பெரிய மார்க்கெட்டில் உருண்டையாகக் கிடைக்கும். உடைத்தால் உள்ளே ஈரம் இருக்கக்கூடாது. ஈரம் இருந்தால் ஊர் போவதற்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கியதும் இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கும் பட்டுப்புடவையும் மணக்கும்.

பாகெத் ரொட்டி வாங்கினால் காலையில் வாங்கி ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கடற்காற்று ஈரத்தில் மொறுமொறுத் தோல் மதியத்துக்குள் தோல்வாராக இழுக்கும். இருவருக்குப் பாதி போதும். புஸ்ஸி வீதியில் பேக்கரி உண்டு. சும்மா இட்லி, காபி போதும் என்று ஒரு காலை தோன்றினால் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது.

---

வாய்க்கால்கரை பதில்:

ஆரோவிலை விட்டாலும் ஒன்றும் குறையாது. போவதானால் அரை நாளை அதற்கென்றே கொடுக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே நடை அதிகம்.

பலர் ஏமாறுவது எங்கே என்றால், மாத்ரிமந்திருக்குள் (ஆரோவிலின் நடுவில் இருக்கும் தங்கநிற உருண்டைத் தியான மண்டபம்) போகலாம் என்று நினைத்துப் போகிறார்கள். பார்வையாளர் மையத்தில் கொடுக்கும் இலவச பாஸ் வெளியே உள்ள பார்வையிடத்துக்கு மட்டும். அங்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் மர நிழல் பாதையில் நடக்க வேண்டும். முடியாதவர்களுக்கு வேன் உண்டு, மையத்திலேயே கேளுங்கள். உள்ளே தியான அறைக்குப் போக முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், செவ்வாய் பார்வையாளர்களுக்குக் கிடையாது, சீசனில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். உள்ளே சுழல்பாதை ஏற வேண்டும், அமைதியாக உட்கார வேண்டும், போட்டோ கிடையாது. முழங்காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் கணக்கில் திங்கள் காலை ஆரோவில் என்றால் ஆசிரமத்தைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள். அருங்காட்சியகம் போனால் போகட்டும். ஆட்டோவில் போக, காத்திருக்க, திரும்ப என்று மொத்தமாக வாடகை பேசிவிட்டு ஏறுங்கள். மீட்டர் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஒருவழி மட்டும் பேசினால் திரும்பும்போது அவர்கள் சொன்னதுதான் வாடகை.

---

பழையதுறைமுகம் பதில்:

மூன்றே எச்சரிக்கை.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் சேர்ந்து கடற்கரை மாதிரி ஆகியிருக்கிறது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறையும் இழுப்பும் இருக்கிற கடல், குளிக்க இறங்கக்கூடாது. தெற்கே பாறைகளின் மேல் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள், ஈரப்பாறையில் பாசி வழுக்கும். முழங்கால் வலிக்காரர் கைப்பிடிச் சுவரிலேயே உட்காரலாம்.

விலை குறைவு என்று மது பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு, விழுப்புரம் சாலையில் சோதனைச் சாவடி உண்டு. பஸ்ஸிலும் ஏறிப் பார்ப்பார்கள். பிடித்தால் வழக்குதான்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதானால் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியாகப் பாருங்கள், அதுதான் வாடகைக்கு அனுமதி பெற்றது. ஒரிஜினல் ஆதாரைக் கடையில் விடாதீர்கள், நகல் போதும் என்று சொல்லும் கடையாகத் தேடுங்கள். எடுக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள், பழைய கீறலுக்குப் பணம் கேட்பது இங்கே சாதாரணம். நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஸ்கூட்டரே தேவைப்படாது என்பது என் கருத்து.

---

மலைக்கோட்டைவாசி:

ஆரோவில் திங்கள் காலை, பார்வையிடம் மட்டும், வேனில். ஆசிரமம் செவ்வாய். மணநாள் இரவு கிரியோல். படியின் படம் கேட்டேன், அனுப்பினார்கள், நல்லவேளை கேட்டேன். அறையை மாற்றிக்கொண்டோம்.

---

வைசியாள்வீதி:

அறை எண்ணையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். ‘தரைத்தளம்’ என்று மட்டும் இருந்தால் வந்த அன்று வேறு அறை கொடுத்துவிட்டு, இதுவும் தரைத்தளம்தான், நாலே படி என்பார்கள்.